புற்றுநோய்க் கட்டியும் அமிலமும்



"உடம்பில் அமிலம் கூடுவதால்தான் புற்றுநோய் வருகிறது, சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து குடித்தால் கட்டி கரைந்துவிடும்" என்று சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மையே அநேகரை ஏமாற்றுகிறது. ஆகவே இதைச் சற்று விளக்கமாக எழுதுகிறோம்.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

அமிலத்தன்மையை பி.எச். என்னும் எண்ணால் குறிக்கிறோம். எண் குறையக் குறைய அமிலம் அதிகம். நமது இரத்தத்தின் பி.எச். 7.35 முதல் 7.45 வரை இருக்கும். கட்டிக்குள் உயிரணுக்களைச் சுற்றியுள்ள திரவத்திலோ அது 6.8 வரைகூட இறங்குவதுண்டு. வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும், அங்கே அமிலம் சுமார் நான்கு மடங்காகிறது.

சாதாரண உயிரணு, பிராணவாயு கிடைக்கும்போது சர்க்கரையை முழுவதும் எரித்துச் சக்தியாக்குகிறது. புற்று உயிரணுக்களில் அநேகம், பிராணவாயு இருந்தும் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. இதை 1920-களில் ஜெர்மானிய விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் கவனித்தார். அந்த அமிலத்தைப் புற்று உயிரணுக்கள் வெளியே தள்ளுகின்றன. கட்டியின் இரத்தக் குழாய்கள் சீராக இல்லாததால், அது வடிந்துபோகாமல் தேங்குகிறது. ஆக, இந்த அமிலம் நாம் உண்ணும் உணவிலிருந்து வருவதல்ல; கட்டியே உண்டாக்குவது.

அது என்ன செய்கிறது?

முதலாவது, அருகிலுள்ள நல்ல உயிரணுக்களை அழித்து, திசுக்களைக் கரைக்கும் நொதிகளைத் தூண்டி, கட்டி பரவ வழி திறக்கிறது. இரண்டாவது, நோயை எதிர்க்கும் வெள்ளை அணுக்களைச் சோரச் செய்கிறது. மூன்றாவது, டாக்சோரூபிசின் போன்ற சில மருந்துகள் புற்று உயிரணுவுக்குள் நுழைவதைக் கடினமாக்குகிறது.

சோடா உதவுமா?

2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சோடா கலந்த நீரைக் குடித்த எலிகளுக்குப் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது. ஆனால் முதலில் தோன்றிய கட்டியின் வளர்ச்சி குறையவில்லை. மனிதரில் சோடா புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நாம் எதை உண்டாலும் நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தத்தின் பி.எச். அளவைக் காத்துக்கொள்ளும், சிறுநீரின் அளவு மட்டுமே மாறும். அளவுக்கு மீறிச் சோடா குடித்தால் உடலில் உப்புச் சேரும். இருதயம், சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு அது உயிராபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து, காலம் வீணாவது. ஆரம்பத்தில் அறுவை சிகிச்சையால் நீக்கக்கூடிய கட்டி, சோடாவை நம்பியிருக்கும் மாதங்களில் பரவிவிடக்கூடும்.

உங்கள் சபையிலோ உறவிலோ யாராவது சிகிச்சையை விட்டுச் சோடாவை நாடினால், அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கட்டிதான் அமிலத்தை உண்டாக்குகிறது, கட்டியை நீக்குவதே வழி என்று அன்பாய் எடுத்துச் சொல்லி, மருத்துவரிடம் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.