ஆமணக்குப் பிண்ணாக்கு: உரமா, தீவனமா?

செங்கல்பட்டுப் பகுதி உழவர்கள் அறிந்த ஆமணக்கும் குன்றிமணியும் மூலிகைகளே. எனினும் ஆமணக்கு விதையில் ரிசின், குன்றிமணியில் ஆப்ரின் என்னும் நச்சுப் புரதங்கள் உள்ளன. இவை உயிரணுக்களில் புகுந்து அவற்றைக் கொல்கின்றன.

1891-ல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிச், சுண்டெலிகளுக்கு ரிசினை மிகச் சிறிதளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்தார். இரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகி, எலிகள் அந்த நஞ்சைத் தாங்கின. ஆனால் ரிசினுக்குப் பழகிய எலி ஆப்ரினைத் தாங்கவில்லை. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனி எதிர்ப்பொருள் தேவை என்பது இதனால் விளங்கிற்று. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் பாம்பு நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிதளவில் செலுத்தி முறிமருந்து தயாரிப்பதும் இம்முறையில்தான்.

ஆனால் மாட்டை இவ்வாறு பழக்கிப் பார்க்கக் கூடாது. பாம்பு நஞ்சுக்கு முறிமருந்து உண்டு. ரிசினுக்கு நம் கைக்கெட்டும் முறிமருந்து இல்லை. ஆகவே,

1. எண்ணெய் பிழிந்த பின் ரிசின் பிண்ணாக்கிலேயே தங்கும். ஆமணக்குப் பிண்ணாக்கை உரமாக மட்டும் இடவும்.

2. கடலைப் பிண்ணாக்குடன் கலவாமல் தனியே வைக்கவும்.

3. வேலியில் படரும் குன்றிமணிக் கொடியைக் காய் முற்றுமுன் அகற்றவும்.

4. கால்நடை தின்றுவிட்டால், கழிச்சல் காணும்வரை காத்திராமல் கால்நடை மருத்துவரை அழைக்கவும். குழந்தை விதையைக் கடித்து விழுங்கினால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும்.