எந்த இணைப்பு என்று கேள்

செலாயாங்

அன்புள்ள தம்பிக்கு,

ஐஆர்சி அரட்டைக் கிளையண்டான வீசாட்டுக்கு நீ எழுதி அனுப்பிய ஸ்கிரிப்டை முழுக்கப் படித்துவிட்டேன். லிபெரா.சாட் நெட்வொர்க்கில் மட்டும் இருக்கும்போது ஒழுங்காக ஓடுகிறது, டால்நெட்டையும் சேர்த்துத் திறந்தால் குழம்பிவிடுகிறது என்று எழுதியிருந்தாய். லிபெராவில் யாரோ சேனலுக்குள் வருகிறார். உன் ஸ்கிரிப்ட் அவருக்குச் சொல்லும் வணக்கமோ டால்நெட்டில் அதே பெயருள்ள சேனலில் போய் விழுகிறது. இந்த ஒரு தகவலிலேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ஓர் இணைப்பில் சரியாகவும் இரண்டில் தப்பாகவும் ஓடும் ஸ்கிரிப்டில், கட்டளையின் எழுத்துப் பிழையைத் தேடி நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். எந்த இணைப்பிலிருந்து வந்த செய்திக்குத் தான் பதில் சொல்கிறோம் என்பதை ஸ்கிரிப்ட் எந்த வரியில் தவறவிட்டது என்று பார்.

நம்மூர் விலாசத்தை நினைத்துப் பார். ஒவ்வொரு தாமானிலும் ஒரு ஜாலான் 2 இருக்கிறது. 68100 என்ற போஸ்கோடும் தாமான் பெயரும் இல்லாமல் பார்சல் எப்படிச் செலாயாங்குக்கு வந்து சேரும்? சேனல் பெயரும் அப்படித்தான். நெட்வொர்க்கின் பெயர் சேர்ந்தால்தான் அது முழு விலாசம். நிக் பெயருக்கும் இதே கதிதான். லிபெராவில் இருப்பவரும் டால்நெட்டில் அதே நிக்கில் இருப்பவரும் ஒரே ஆள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்தப் பிழை இவ்வளவு பரவலாக இருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஒய்காரினென் 1988இல் ஐஆர்சியை உருவாக்கினார். 1995இல் காலித் மர்டாம்-பே எழுதிய எம்ஐஆர்சி கிளையண்ட் வந்த பிறகுதான் விண்டோஸ் வைத்திருந்த சாதாரண மக்களிடம் அது பரவியது. இங்கே டிஎம்நெட் இணையச் சேவையின் 1515 எண்ணுக்கு மோடத்தில் டயல் செய்து உள்ளே போன தலைமுறை அதைத்தான் பயன்படுத்தியது. 2002இல் 6.0 பதிப்பு வரும் வரை எம்ஐஆர்சியின் ஒரு பிரதியில் ஒரு சர்வரோடுதான் இணைய முடியும். அந்தக் காலத்தில் ஸ்கிரிப்ட் எழுதியவர்களுக்கு ‘எந்த இணைப்பு?’ என்ற கேள்வியே எழவில்லை. அவர்கள் எழுதிய துண்டுகள் கைமாறிக் கைமாறி இன்றும் உலவுகின்றன. நீயும் அப்படி ஒரு துண்டின் போக்கைப் பின்பற்றித்தான் உன்னுடையதை எழுதியிருக்கிறாய் என்று தோன்றுகிறது.

உன் பிழை இருக்கும் இடத்தைச் சொல்கிறேன். யாரோ சேனலுக்குள் நுழைந்தவுடன் உன் ஃபங்ஷன் ‘இப்போது திறந்திருக்கும் பஃபர்’ எது என்று வீசாட்டைக் கேட்டு, கிடைத்த பஃபரில் கட்டளையை ஓட்டுகிறது. திறந்திருக்கும் பஃபர் என்பது உன் கண் பார்த்துக்கொண்டிருக்கும் ஜன்னல். நிகழ்வு நடந்த இடம் வேறாக இருக்கலாம். சோதிக்கும்போது நீ அதே சேனலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய், அதனால் இரண்டும் ஒன்றாகவே அமைந்து பிழை வெளிப்படாமல் போயிருக்கும். வீசாட் உனக்கு அனுப்பும் சிக்னலின் பெயரில் முதலில் சர்வர் பெயர், பிறகு ஒரு காற்புள்ளி, அதன்பின் நிகழ்வு என்று இருக்கும். அந்தச் சர்வர் பெயரைப் பிரித்தெடு. அதையும் சேனல் பெயரையும் கொடுத்து உரிய பஃபரைக் கேட்டு வாங்கு. அதற்குப் பிறகு மட்டுமே கட்டளை போக வேண்டும். இர்சி என்ற கிளையண்டுக்கு எழுதினால், சிக்னலோடு வரும் சர்வர் பொருளைப் பயன்படுத்து, ‘இயங்கும் சர்வர்’ எது என்று கேட்காதே.

எம்ஐஆர்சியில் ஒவ்வொரு இணைப்புக்கும் சிஐடி என்ற எண் உண்டு, அந்த இணைப்பின் ஜன்னல் மூடப்படும் வரை அது மாறாது. எஸ்சிஐடி கட்டளை அந்த எண்ணை வைத்து இணைப்பைப் பிடிக்கும். எஸ்கான் கட்டளையோ ‘இரண்டாவது இணைப்பு’, ‘மூன்றாவது இணைப்பு’ என்று வரிசையை வைத்துப் பிடிக்கும். நடுவில் ஒரு ஜன்னலை மூடினால் வரிசை நகர்ந்துவிடுமே! நினைவில் வைத்திருந்து பின்னால் பயன்படுத்துவதற்குச் சிஐடிதான் நம்பத்தக்கது.

அடுத்தது மாறிகள். ‘கடைசியாக வந்தவர்’ என்று ஒரே ஒரு மாறியை எல்லா இணைப்புக்கும் பொதுவாக வைத்திருக்கிறாய். லிபெராவில் ஒருவர் வந்த அடுத்த நொடியில் டால்நெட்டில் இன்னொருவர் வந்தால் முதல் பெயர் அழிந்துவிடும். ஐந்து நொடி கழித்து ஓடும் டைமர் எழுந்து பார்க்கும்போது அங்கே வேறு ஆளின் பெயர் இருக்கும். இந்த வகைப் பிழை எப்போதாவதுதான் தலைகாட்டும் என்பதால் பிடிப்பது கடினம். ஆகவே மாறியின் பெயரிலேயே சர்வர் பெயரைச் சேர், அல்லது சர்வர் பெயரைச் சாவியாக வைத்த அட்டவணையில் போடு. டைமர் தொடங்கும்போதே எந்தச் சர்வர், எந்தச் சேனல், எந்த நிக் என்ற மூன்றையும் அதன் கையில் கொடுத்து அனுப்பு. உன் சொந்த நிக்கையும் ஸ்கிரிப்டில் நிரந்தரமாக எழுதிவைக்காதே. ஒரு நெட்வொர்க்கில் அந்தப் பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால் உனக்கு வேறு நிக் கிடைத்திருக்கும், ஸ்கிரிப்ட் தன்னைத்தானே அடையாளம் தெரியாமல் தனக்கே வணக்கம் சொல்லும்.

இனி சொல்லப்போவது எனக்கு உண்மையிலேயே கவலை தருவது. இணைந்தவுடன், நிக் பதிவுகளைக் கவனிக்கும் நிக்செர்வ் சேவைக்குக் கடவுச்சொல் அனுப்பும் வரியை எந்த நிபந்தனையும் இல்லாமல் வைத்திருக்கிறாய். அது நீ இணையும் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் போகும். எஃப்நெட் என்ற நெட்வொர்க்கில் நிக்செர்வ் என்ற சேவையே கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் யாராவது அந்தப் பெயரையே நிக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், உன் கடவுச்சொல் நேராக அவர் கைக்குப் போகும். டால்நெட் இந்த ஆபத்தை உணர்ந்துதான் கடவுச்சொல்லை நிக்செர்வின் முழு முகவரிக்கு அனுப்பச் சொல்கிறது. ஒரு நெட்வொர்க்கே மாறிப்போனாலும் இதே ஆபத்துதான். 2021 மே மாதம் ஃப்ரீநோட் நெட்வொர்க்கின் நிர்வாகத் தொண்டர்கள் விலகி லிபெரா.சாட்டைத் தொடங்கினார்கள். உபுண்டுவும் விக்கிமீடியாவும் தங்கள் சேனல்களை அங்கே மாற்றிக்கொண்டன. அடுத்த மாதமே ஃப்ரீநோட் பழைய நிக், சேனல் பதிவுகளைக் கைவிட்டுப் புதிய மென்பொருளில் தொடங்கியது. பழைய முகவரியைத் திருத்தாத ஸ்கிரிப்டுகள் தம்மை அறியாத சர்வருக்குக் கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டிருந்தன. எனவே நெட்வொர்க்குக்கு ஒரு கடவுச்சொல் வை. முடிந்த இடத்தில், இணையும்போதே அடையாளத்தை உறுதிசெய்யும் எஸ்ஏஎஸ்எல் முறையைப் பயன்படுத்து, அதை ஸ்கிரிப்டில் எழுதாமல் அந்தந்தச் சர்வரின் அமைப்பிலேயே கொடு. இதை இன்றைக்கே செய்துவிடு, மற்றவை காத்திருக்கலாம்.

உன் இரண்டாவது புகார், நீளமான தமிழ் வாழ்த்து ஒரு நெட்வொர்க்கில் முழுதாகப் போகிறது, இன்னொன்றில் கடைசி எழுத்து கட்டமாக உடைகிறது என்பது. இதற்குச் சேனல் பெயரோடு சம்பந்தமில்லை. ஐஆர்சியில் ஒரு செய்திக்கு உச்ச அளவு 512 பைட். 1993இல் வெளிவந்த ஆர்எஃப்சி 1459 ஆவணத்திலேயே இது இருக்கிறது. வரி முடிவுக்கு 2 பைட் போகும். சர்வர் உன் செய்தியை மற்றவர்களுக்கு அனுப்பும்போது உன் நிக், பயனர் பெயர், ஹோஸ்ட் பெயர் ஆகியவற்றை முன்னால் ஒட்டுகிறது, அவையும் இந்தக் கணக்கில்தான் சேரும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கும். ‘வணக்கம்’ என்பதைப் பார்வைக்கு ஐந்து எழுத்து என்று எண்ணுவோம். கணினிக்கு இரண்டு புள்ளிகளும் தனிக் குறிகள் என்பதால் ஏழு குறி, 21 பைட். முன்னொட்டுக்கு 90 பைட் போனால் மீதி 420 பைட், அதாவது 140 குறிதான். ஹோஸ்ட் பெயரின் நீளம் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறுவதால் அதே வாழ்த்து ஓரிடத்தில் பிழைக்கிறது, இன்னோரிடத்தில் மூன்று பைட்டின் நடுவில் வெட்டுப்படுகிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தவர்கள் இதைக் காண்பதே அரிது. கிளையண்ட் பொதுவாக நீளமான வரியைத் தானே பிரித்து அனுப்பும், ஆனால் கட்டளையை நேரடியாகச் சர்வருக்கு அனுப்பும் ஸ்கிரிப்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சொல் இடைவெளியில் நீயே பிரித்துக்கொள். நீளத்தை எழுத்தில் அளக்காமல் பைட்டில் அளந்து பார்.

இவை எதையும் ஊகித்துத் திருத்தாதே. வீசாட்டில் சர்வர் கட்டளையோடு ‘ரா’ என்று சேர்த்துக் கொடுத்தால், சர்வர்களிலிருந்து வந்ததும் போனதும் சர்வர் பெயரோடு வரிவரியாகத் தெரியும். எம்ஐஆர்சியில் டீபக் ஜன்னல், ஹெக்ஸ்சாட்டில் ரா லாக் இந்த வேலையைச் செய்யும். இணைந்தவுடன் வரும் 005 என்ற எண்ணுள்ள வரிகளையும் அங்கே படித்துப் பார். நெட்வொர்க்கின் பெயர், நிக்கின் உச்ச நீளம், பெரிய சிறிய எழுத்துகளை ஒப்பிடும் முறை எல்லாம் அதில் இருக்கும். லிபெராவில் நிக் 16 எழுத்து வரை போகலாம், டால்நெட்டில் 30 வரை. லிபெரா சதுர அடைப்பையும் நெளி அடைப்பையும் ஒரே எழுத்தாகப் பார்க்கும், டால்நெட் பார்க்காது. நீ பெயர்களை ஒப்பிடும் வரியில் இதற்கு ஏற்பாடு இல்லை.

திருத்திய பிறகு சோதிக்க, முதலில் எல்லா ஸ்கிரிப்டுகளையும் இறக்கிவிட்டு உன்னுடையதை மட்டும் ஏற்று. இரண்டு இணைப்பையும் திற. லிபெராவில் வேறொரு நிக்கோடு நுழைந்து பார்க்கும்போது டால்நெட் ஜன்னல் உன் கண்ணெதிரே திறந்திருக்கட்டும். பிறகு மாற்றிச் செய். இரண்டு முறையும் ரா பதிவைச் சேமித்து எனக்கு அனுப்பு. அனுப்பும் முன் நிக்செர்வ், எஸ்ஏஎஸ்எல் வரிகளைத் தேடிக் கடவுச்சொற்களை அழித்துவிடு. எஸ்ஏஎஸ்எல் வரியில் இருப்பது புரியாத எழுத்துக் குவியலாகத் தோன்றும், ஆனால் பிளெயின் முறையில் அது வெறும் பேஸ்64தான், யார் வேண்டுமானாலும் பிரித்துப் படித்துவிடலாம்.

அன்புடன்,
உன் அண்ணன்