கெடாவும் கடாரமும்

மலேசியத் தீபகற்பத்தின் வடமேற்கில் உள்ள மாநிலத்தை மலாய்க்காரர்கள் 'கெடாஹ்' என்கின்றனர். நம் தமிழ் நாளேடுகள் 'கெடா' என்று எழுதுகின்றன. வரலாற்று நூலைப் புரட்டினாலோ 'கடாரம்' என்ற பெயர் வருகிறது. இரண்டும் ஓரிடத்தைக் குறிப்பவை என்பதை எப்படி அறிவது? ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகிவிடாது.

சோழர் ஆவணங்களை முதலில் பார்ப்போம். இராஜராஜ சோழன் காலத்தில், கடல் கடந்த நாட்டு அரசன் ஒருவன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் ஒன்றை எழுப்பினான். அவனை லெய்டன் செப்பேட்டின் தமிழ்ப் பகுதி கிடாரத்து அரசன் என்று குறிக்கிறது. இராஜராஜனின் மகன் இராஜேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் கடற்படையை அனுப்பினான். அவன் வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகக் கூறுகிறது. அவற்றுள் கடாரமும் ஒன்று. 'கடாரங்கொண்டான்' என்ற பட்டம் அவனுக்கு வந்தது இதனால்தான். அப்பெயரில் தமிழ்நாட்டில் இன்றும் ஊர்கள் உள்ளன.

இவை பெயரைத் தருகின்றன; இடத்தைக் காட்டுவது வேறொரு குறிப்பு. 671ஆம் ஆண்டு சீனாவிலிருந்து கப்பலேறிய இ-சிங் என்னும் துறவி, சுமத்திராவில் தங்கியபின் 'சியே-சா' துறைமுகத்துக்கு வந்தார். அங்கிருந்து வடக்கே பயணம் செய்து, நிக்கோபார் எனக் கருதப்படும் தீவை அடைந்தார். இந்தக் கடல்வழியை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். சியே-சா கெடாக் கரையிலேயே அமையும்.

பட்டினப்பாலையில் வரும் 'காழகம்' என்ற பெயருக்குக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். ஆனால், பாட்டுக்கும் உரைக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் உள்ளன. ஆகவே, அதைக் கல்வெட்டுக்கு நிகரான சான்றாகக் கொள்வதில் கவனம் தேவை.

வடமொழியில் இவ்விடம் 'கடாஹம்'. அச்சொல்லுக்குக் கொப்பரை என்றும் பொருளுண்டு. தமிழிலும் கடாரம், கிடாரம் ஆகிய இரண்டும் பெரிய கொப்பரையைக் குறிக்கும். அதனால் இந்நாடு கொப்பரையால் பெயர் பெற்றது என்று முடிவு கட்டிவிட முடியாது. அயல்நாட்டு ஊர்ப்பெயரைத் தமக்குப் பழகிய சொல்லின் ஒலிக்கு இசைத்துக்கொள்வது எல்லா மொழியினருக்கும் உள்ள வழக்கமே. சயாமியர் மட்டும் இந்த ஒலியையே விட்டுவிட்டு, 'சாய்புரி' என்று வேறு பெயர் வைத்தனர்.

இன்று அலோர் ஸ்டார் வயல்களைப் பற்றி எழுதும்போது 'கெடா' என்பதே பொருந்தும். சோழர் படையெடுப்பைப் பற்றி எழுதும்போது 'கடாரம்' எனலாம். ஆனால், அக்கடாரத்தின் எல்லையும் இன்றைய மாநிலத்தின் எல்லையும் ஒன்றல்ல.