வேலூர் 1806: தொப்பி மட்டுமா காரணம்?



நம்ம மூலக்கொத்தளத்தின் பெயரிலேயே ஒரு கோட்டை ஒளிந்திருக்கிறது. கொத்தளம் என்றால் மதிலில் துருத்தி நிற்கும் காவல் மேடை. கம்பெனிக்காரன் பட்டணத்தைச் சுற்றிக் கட்டிய மதிலின் மிச்சம் பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் இன்றும் நிற்கிறது. கம்பெனியின் கோட்டைகளைப் பெரும்பாலும் காவல் காத்தவன் நம் நாட்டுச் சிப்பாய்தான். அதே சிப்பாய் 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் துப்பாக்கியைத் திருப்பினானே, ஏன்?

காரணங்களைப் பார்ப்போம்.

1. உடை: 1805 நவம்பரில் சென்னைப் படைத் தளபதி கிராடக் புதிய விதி கொண்டுவந்தார். அணிவகுப்பில் திருநீறு, நாமம் கூடாது; கடுக்கன் கூடாது; தாடி கூடாது; மீசையும் ஒரே அளவு. தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை வேறு. அது மாட்டுத் தோலோ, பன்றித் தோலோ என்ற பயம். மதம் மாற்றப் போகிறார்கள் என்ற சந்தேகம்.

2. பதவி: எத்தனை வருடம் உழைத்தாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. நேற்று வந்த வெள்ளை அதிகாரிக்கும் அவன் கீழேதான்.

3. அரசியல்: 1799-ல் திப்பு வீழ்ந்தபின் அவர் குடும்பம் வேலூர்க் கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தது. பழைய ஆட்சியின் நினைவு கண்முன்னே இருந்தது.

4. கேட்க ஆளில்லை: இதுதான் முக்கியம். 1806 மே மாதமே வேலூரில் சிப்பாய்கள் புதுத் தலைப்பாகையை மறுத்தார்கள். அவர்களைச் சென்னைக்கு அனுப்பி விசாரித்தார்கள். ஒரு இந்து, ஒரு முஸ்லிம், இருவருக்கும் கசையடி, வேலை நீக்கம். ஜூனில் முஸ்தபா பெக் என்ற சிப்பாய் கலகம் வரப்போகிறது என்று எச்சரித்தார். பைத்தியம் என்று சொல்லி அவரையே காவலில் போட்டார்கள்!

பிறகு நடந்தது தெரிந்ததே. சுமார் நூறு வெள்ளையர் மாண்டனர். திப்புவின் புலிக்கொடி ஏறியது. ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றே அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். அதற்கப்புறம்தான் விதிகள் ரத்தாயின. கவர்னர் பென்டிங்கும் கிராடக்கும் திரும்ப அழைக்கப்பட்டனர். மே மாதமே காது கொடுத்திருந்தால் இத்தனை உயிர் போயிருக்காது. 51 வருடம் கழித்து, 1857-ல், மீரட்டில் தோட்டா உறையின் கொழுப்பு விஷயத்திலும் அதே தப்புதான்.

பாய்லர் படித்த நமக்கு இது புதுசு இல்லை. அழுத்தம் ஏறினால் சேஃப்டி வால்வு திறக்கணும். சத்தம் போடுதே என்று வால்வை இறுக்கிக் கட்டினால் பாய்லரே வெடிக்கும். தொப்பி கடைசி டிகிரி வெப்பம், அவ்வளவுதான்.

நாளைக்கு நாமும் எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ சூப்பர்வைசராக நிற்போம். நம்மிடம் குறை சொல்ல வருகிறவனை முஸ்தபா பெக் ஆக்காமல் இருப்போம், நண்பர்களே!