கடன்படாமல் கேம் செய்ய

புளத்கொகுபிட்டியப் பக்கத்துத் தோட்டங்களில் உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளில் சிலர் இப்போது என்னிடம் கேட்பது, "கேம் செய்யப் பழகணும் மாமா, எவ்வளவு செலவாகும்?" என்றுதான். செலவை முதலில் கேட்கும் பிள்ளை உருப்படும் என்பது என் எண்ணம். கேட்டவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

1. இதற்காக ஒரு சதம்கூடக் கடன் வாங்காதே. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போகக் கூடாது. வாரக் கட்டு வாங்கும் நுண்கடன்காரரும் வாசலுக்கு வரக் கூடாது. புனேயில் 'ராஜி' என்ற கேமைச் செய்தவர்களின் கதையை உனக்கு யாராவது சொல்வார்கள். 2017 இல் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டப் பார்த்தார்கள், சேரவில்லை. நிறுவனர்களில் ஒருவர் தம் வீட்டை விற்று வேலையைத் தொடர, 2020 இல் கேம் வெளிவந்து பெயரும் வாங்கியது. நல்ல கேம், துணிச்சலான மனிதர்கள். ஆனால் விற்பதற்கு அவர்களிடம் ஒரு வீடு இருந்தது. நாம் படுத்தெழும்பும் லயத்துக் காம்பராவுக்கு நம்மில் பலர் பேரில் உறுதிகூட இல்லை.

2. மெஷின். பழைய லெப்டொப் போதும். எட்டு ஜி.பி. ரெம், ஒரு எஸ்.எஸ்.டி., இந்த இரண்டையும் மட்டும் விட்டுக்கொடுக்காதே. கொழும்புக்குப் போனால் பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை கேட்டுப் பார். (யுனிட்டி என்று ஒரு கேம் எஞ்சினும் இருக்கிறது, அதற்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தமில்லை.) வாங்குவதற்கு முன் கடையிலேயே பத்து நிமிடம் சார்ஜர் இல்லாமல் ஓட விட்டுப் பார்.

3. எஞ்சினுக்கு, அதாவது கேம் கட்டும் மென்பொருளுக்கு, காசு கொடுக்காதே. ஆர்ஜென்டினாக்காரர் இருவர் தொடங்கி, 2014 இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட கோடோ இருக்கிறது. விற்பனையில் பங்கு கேட்காது, கணக்கும் கேட்காது. யுனிட்டி 2023 செப்டம்பரில் ஒவ்வொரு இன்ஸ்டோலுக்கும் கட்டணம் என்று அறிவித்து, கேம் செய்பவர்கள் கொதித்தெழுந்தபின் அடுத்த வருடம் அதைக் கைவிட்டது. அடுத்தவன் வீட்டுத் திண்ணையில் கடை போட்டால் வாடகை எப்போது ஏறும் என்று நமக்குத் தெரியாது.

கோடோவை இறக்க நூறு எம்.பி.கூட வேண்டாம். ஆனால் செய்த கேமை போனுக்கு மாற்றும் கோப்புகள் தனியே ஒரு ஜி.பி. அளவு வரும். அதை நள்ளிரவுக்குப் பிறகு நைட் டேட்டாவில் இறக்கு.

கோடோவிலும் நான்காம் பதிப்பையே எடு. தமிழில் கேம் செய்யப் போகிறாய் என்றால் இது முக்கியம். மூன்றாம் பதிப்பில் "கொழுந்து" என்று தட்டிப் பார்த்தால் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராது. பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நிற்கும். யுனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோவிலும் இதே வில்லங்கம். 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 தமிழை ஒழுங்காகக் கோர்க்கிறது. எழுத்துருவை மட்டும் நீயே சேர்த்துக்கொள்; போனில் இருப்பதை நம்பாதே.

4. சின்னதாகச் செய், செய்து முடி. நான் சொல்ல வந்ததில் பாதி இதுதான். வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஜி.டி.ஏ. மாதிரி ஊர் ஒன்றையே கட்டத்தான் ஆசைப்படுகிறார்கள். அது ஆயிரக்கணக்கான ஆட்கள் வருடக்கணக்காகச் செய்யும் வேலை.

'வெண்பா' என்ற கேமைப் பார். கனடாவில் இருக்கும் தமிழ் இளைஞர் ஒருவர் முன்நின்று செய்ய, டொரோன்டோவின் விசை கேம்ஸ் நிறுவனம் 2023 இல் வெளியிட்டது. 80களில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்த் தாயின் சமையல், அவ்வளவுதான். விளையாடி முடிக்க இரண்டு மணி நேரம்கூட ஆகாது. கிழிந்த சமையல் குறிப்பேட்டில் பாதி எழுத்து அழிந்திருக்கும். மீதியை நாம் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை அடுக்கும்போது மேல்தட்டின் குழி கீழ்த்தட்டின் குழிக்கு நேராக வந்தால் ஆவி போகாது, திருப்பி வைக்க வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் யோசிக்காமல் செய்கிற அந்தக் கைவேலைதான் அங்கே புதிர். அந்தக் கேம் 2024 இல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருதை வாங்கியது.

நம் பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்காதே. றப்பர் மலையில் விடியுமுன்னே பால் வெட்டுகிறார்கள். ஆழமாக வெட்டினால் மரம் காயப்படும், மேலாக வெட்டினால் பால் இறங்காது. வெயில் ஏறினால் ஒழுக்கு நின்றுவிடும், மழை விழுந்தால் சிரட்டையில் தண்ணீர். கத்தியின் ஆழம், நேரம், வானம் என்று மூன்று விதி. ஒரு விரலால் விளையாடும் கேமுக்கு இதற்கு மேல் எதற்கு? அப்பாவோடு ஒருநாள் மலைக்குப் போய், கை எங்கே தயங்குகிறது என்று பார்த்துவிட்டு வா.

5. படத்துக்கும் சத்தத்துக்கும் கென்னி என்ற டச்சுக்காரர் ஆயிரக்கணக்கில் இலவசமாகப் போட்டிருக்கிறார். அவர் பெயர்கூடப் போட வேண்டியதில்லை. வரைய கிரிட்டா, முப்பரிமாணத்துக்கு பிளெண்டர், சத்தம் வெட்ட ஒடாசிட்டி, எல்லாம் இலவசம். கூகுளில் கண்ட படத்தை மட்டும் எடுத்துப் போடாதே.

6. இடி. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் வானம் கறுத்தால் சார்ஜரையும் ரூட்டரையும் கழற்று. மெஷின் போனாலும் வேலை மிஞ்ச, செய்ததை அன்றன்றே கிட்ஹப் தளத்தில் ஏற்று.

7. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை வைத்துக்கொள். 'ஸ்டார்டியூ வேலி' என்ற கேமை எரிக் பரோன் நாலரை வருடம் ஒற்றை ஆளாகச் செய்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் அவர் சியாட்டிலில் ஒரு தியேட்டரில் ஆட்களை இருக்கையில் அமர்த்தும் வேலையும் பார்த்தார், வீட்டுச் செலவை அவருடைய துணை தாங்கினார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் பைத்தனும் வெப் வேலையும் இலவசமாகக் கற்றுத் தருகிறது. அதை முடி. கொழும்பில் கேமும் செய்யும் அரிமெக் போன்ற நிறுவனங்கள் குறைவு; சாதாரண சொஃப்ட்வேர் வேலை தரும் இடங்கள் அதிகம். கேம் செய்யப் பழகிய கோடிங் அந்த வேலைக்கும் செல்லும். நேர்முகத் தேர்வில் சான்றிதழ் நீட்டுவதை விட, அவர்கள் போனில் உன் கேமை ஓட்டிக் காட்டு.

8. வெளியிடும் செலவை முன்கூட்டியே கணக்குப் போடு. இட்ச் தளத்தில் போடச் செலவு ஒன்றும் இல்லை. முதல் மூன்று நான்கு கேமும் அங்கேயே போகட்டும். கூகுள் பிளேக்கு ஒரே தடவை 25 டொலர். டொலர் முந்நூறு ரூபா என்று வைத்தால் 7,500 ரூபா, கொழுந்து மலையில் பல நாள் சம்பளம். கணினி கேம் விற்கும் ஸ்டீமுக்கு ஒவ்வொரு கேமுக்கும் 100 டொலர். 1,000 டொலருக்கு விற்ற பிறகுதான் அது திரும்பும். அதனால் ஸ்டீமைப் பிறகு பார்க்கலாம்.

புதிதாகத் தனியாள் கணக்குத் திறந்தால், பன்னிரண்டு பேர் தொடர்ந்து பதினான்கு நாள் சோதித்த பிறகுதான் கூகுள் கேமை எல்லோருக்கும் திறக்க விடும். கொழும்புப் பிள்ளைகள் இதற்கு ஆள் தேடி அலைகிறார்கள். உனக்கு ஒரே லயத்தில் கிடைப்பார்கள். ஆனால் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதே. எங்கே குழம்புகிறார்கள் என்று வாய்திறக்காமல் பார்த்து எழுதிக்கொள்.

9. காசு வரும் வழி. கேமை ஒரு இணையக் கடையில் போடும் முன்பே, அந்தக் கடை இலங்கையில் உள்ள வங்கிக் கணக்குக்கு எப்படிப் பணம் அனுப்பும் என்று பார். ஸ்டீம் நேரே வங்கிக்கு அனுப்பும், 100 டொலர் சேர்ந்தால்தான். அது கேட்கும் அமெரிக்க வரிப் படிவத்தை நீயே உட்கார்ந்து நிரப்பு. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இருக்கிறது. அதைப் படிவத்தில் காட்டாவிட்டால் அங்கே விற்றதில் 30 வீதம் பிடித்துக்கொள்வார்கள். படிவத்தில் உள்ள பெயரும் வங்கிப் புத்தகத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கெழுத்து ஒன்றாக இருக்கட்டும். நம் பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் இருப்பது புதிதல்ல. அதைப் பிரதேச செயலகத்தில் இப்போதே திருத்தக் கொடு, மாதக்கணக்கில் இழுக்கும்.