பரிசு எதற்கு, எப்போது? பாரிஸ் தமிழ்ப் பெற்றோர் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

"இருபதுக்குப் பதினாறு எடுத்தால் புதுப் போன். பத்துக்குக் கீழே போனால் இருக்கிற போனும் பறிபோகும்." பாரிஸின் லாச்சப்பலிலும் அதைச் சுற்றிய புறநகர்களிலும் பிள்ளை வளர்க்கும் பல தமிழ் வீடுகளில் படிப்பைப் பற்றிய பேச்சு இந்த இரண்டு வாக்கியங்களோடு முடிந்துவிடுகிறது. இதன் காரணம் விளங்காததல்ல. உணவகத்தில் இரவு வேலை முடித்து வரும் தந்தைக்கும், விடியுமுன் துப்புரவு வேலைக்குப் புறப்படும் தாய்க்கும் பிள்ளையின் பக்கத்தில் உட்கார நேரம் கிடைப்பதில்லை. நேரம் கிடைத்தாலும் பிரெஞ்சுப் பாடத்தைச் சொல்லிக்கொடுக்க மொழி போதுவதில்லை. இல்லாத நேரத்துக்கு ஈடாகப் பரிசு வருகிறது. பரிசு பலிக்காதபோது தண்டனை வருகிறது. இலங்கையில் நம் ஊரில் 5ஆம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்கு நாம் தயாரானதும் ஏறக்குறைய இப்படித்தான்.

பரிசே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிரெஞ்சு ஆரம்பப் பள்ளிகளும் தலைமுறை தலைமுறையாகப் பரிசு கொடுத்தவைதான். நன்றாகச் செய்த பிள்ளைக்கு 'பொன் புவான்' என்ற சிறு அட்டை கிடைக்கும்; பத்து அட்டை சேர்ந்தால் அழகான படம் ஒன்று கிடைக்கும். பரிசு ஒரு பிள்ளையைத் தொடங்க வைக்கும். தொடர்ந்து படிக்க வைப்பவை வேறு: பெற்றோரின் சொல்லில் நம்பிக்கை, தன்னால் முடியும் என்ற அனுபவம், கூட இருக்கும் ஆள். கீழே உள்ள பட்டியல் இந்த மூன்றையும் வளர்ப்பதற்கானது.

செய்ய வேண்டியவை

1. கொடுத்த வாக்கை நிறைவேற்றுங்கள்.

பிள்ளைக்குப் பொறுமை இல்லை என்று குறைப்படுவதற்கு முன், காத்திருந்தால் கிடைக்கும் என்று நம்ப அந்தப் பிள்ளைக்கு வீட்டில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க உளவியலாளர் வால்ட்டர் மிஷெல் 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய மார்ஷ்மெலோ ஆய்வு பலருக்குத் தெரிந்தது: ஓர் இனிப்பை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும். 2013இல் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலெஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் சகாக்களும் இதற்கு முன்னால் ஒரு படியைச் சேர்த்தார்கள். நல்ல வண்ணப் பென்சில்கள் கொண்டுவருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனார் ஒரு பெரியவர். ஒரு குழுவுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மற்றக் குழுவிடம் வெறுங்கையோடு வந்து மன்னிப்புக் கேட்டார். அதன்பின் இனிப்பை வைத்தபோது, ஏமாந்த பிள்ளைகள் சராசரியாக 3 நிமிடமே காத்திருந்தார்கள். வாக்கு நிறைவேறிய பிள்ளைகள் 12 நிமிடம் காத்திருந்தார்கள்.

"பாஸ் பண்ணு, டிஸ்னிலாண்ட் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு வேலை முறை மாறியதால் மூன்று தடவை தள்ளிப்போட்டால், காத்திருந்து பயனில்லை என்ற பாடத்தையே பிள்ளை படிக்கும். முடியாத பெரிய வாக்கை விட்டுவிடுங்கள். ஞாயிறு மாலை கட்டாயம் செய்யக்கூடிய சிறிய வாக்கைக் கொடுங்கள், அதைச் செய்யுங்கள். தவிர்க்க முடியாமல் தவறினால் காரணத்தைச் சொல்லி, வேறு நாளைக் குறித்து, அந்த நாளைத் தவறவிடாதீர்கள்.

2. பிள்ளையின் கையில் உள்ள வேலைக்குப் பரிசு கொடுங்கள்.

இருபதுக்குப் பதினாறு எடுப்பது முழுவதும் பிள்ளையின் கையில் இல்லை. கேள்வித்தாள் கடினமாகலாம், ஆசிரியர் இறுக்கிப் புள்ளி போடலாம். தினமும் இருபது நிமிடம் வாசிப்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. பொருளியலாளர் ரோலண்ட் ஃபிரையர் அமெரிக்க நகரங்களில் பெரிய அளவில் இதைச் சோதித்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார். டாலஸ் நகரில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் 2 டாலர் கொடுத்தபோது வாசித்து விளங்கும் திறன் கூடியது. நியூயோர்க்கில் சோதனைப் புள்ளிகளுக்கே பணம் கொடுத்தபோது முன்னேற்றம் தெரியவில்லை. பணத்தில் பிள்ளைகளுக்கு ஆசை இருந்தது. புள்ளியைக் கூட்ட என்ன செய்ய வேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

நம் பக்கத்திலும் ஒரு முயற்சி நடந்தது. நம்மவர் பலர் வாழும் சென்-சென்-தெனி மாவட்டத்தையும் உள்ளடக்கிய கிரெத்தே கல்வி வட்டாரத்தில், 2009 இலையுதிர் காலத்தில், சில தொழிற்கல்வி லீசேக்களில் (உயர்நிலைப் பள்ளிகளில்) வகுப்புக்கு ஒரு பொது உண்டியல் வைத்தார்கள். மாணவர் ஒழுங்காக வந்தால் வகுப்பின் திட்டம் ஒன்றுக்கு 10,000 யூரோ வரை சேரும். பள்ளிக்கு வருவதற்குக் காசா என்று நாடு முழுவதும் பெரிய வாதம் கிளம்பியது. வீட்டிலும் அதே கேள்வி எழும். கடமைக்குக் கூலி வேண்டாம். கடினமான ஒரு புதுப் பழக்கத்தைத் தொடங்கச் சிறு ஊக்கம் போதும்.

3. என்ன செய்தது என்று சொல்லிப் பாராட்டுங்கள்.

"நீ கெட்டிக்காரன்" என்பது இனிக்கும், ஆனால் பாரமாகவும் ஆகும். உளவியலாளர்கள் கிளோடியா மியூலரும் கெரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரை அறிவுக்காகவும் சிலரை உழைப்புக்காகவும் பாராட்டினார்கள். அறிவுக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் அடுத்து இலகுவான கேள்விகளையே விரும்பினார்கள். கடினமானவற்றில் தோற்றபின் அவர்களின் திறன் இறங்கியது; தம் புள்ளியைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களிடையே அதிகம். உழைப்புக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் கடினமானதை எடுத்துப் பார்த்தார்கள். "பிழைத்த கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தாயே, அது நல்ல வேலை" என்று சொல்லுங்கள். பிரெஞ்சு தெரியாத பெற்றோரும் தமிழில் இதைச் சொல்லலாம்.

4. உங்கள் நேரத்தைப் பரிசாகக் கொடுங்கள்.

இந்த ஊரில் அதற்குப் பெரிய காசு வேண்டாம். பஜோல் வீதியில் மாணிக்க விநாயகர் கோயிலுக்குப் போகும் நாளில், சிறிது தூரத்தில் பழைய பஜோல் சரக்குக் கொட்டகைக்குள் இருக்கும் வாட்ஸ்லாவ் ஹாவல் நூலகத்துக்கும் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். 2013இல் திறந்த நகராட்சி நூலகம் அது. உறுப்பினராவதற்கும் புத்தகம் எடுப்பதற்கும் கட்டணம் இல்லை. ஸ்தாலின்கிராத்தில் இருந்து கால்வாய்க் கரையோரம் நடந்தால் லா வில்லெத் பூங்கா வரும். லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். வாரத்தில் ஒரு மணித்தியாலம் அப்பாவோடு தனியாக இருக்கக் கிடைப்பது, வேலைக்கு ஓடும் வீட்டில் எந்தப் போனையும் விட அரிய பரிசு.

5. ஆசையைக் கண்ணில் படாமல் வையுங்கள்.

மிஷெலின் ஆய்வுகளில் அதிக நேரம் காத்திருந்த பிள்ளைகள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தவர்கள் அல்லர். இனிப்பை மூடி வைத்தபோதும், வேறு எதையாவது நினைத்தபோதும், பாடி விளையாடியபோதும்தான் காத்திருப்பது சுலபமானது. அதாவது சுயக்கட்டுப்பாடு கற்பிக்கக்கூடிய ஒரு திறமை. பிரான்சில் 2018 ஓகஸ்ட் சட்டத்தின்படி ஆரம்பப் பள்ளியிலும் கொலேஜ் என்னும் இடைநிலைப் பள்ளியிலும் மாணவர் போன் பாவிக்கக் கூடாது. வீட்டிலும் படிக்கும் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

6. தெரிவைப் பிள்ளையிடம் விடுங்கள்.

படிக்க வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். கணக்கு முதலா வரலாறு முதலா, சிற்றுண்டிக்கு முன்னா பின்னா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். தானே தெரிந்தெடுத்ததை முடிக்கும் பிடிவாதம் பிள்ளைகளிடம் இயல்பாகவே உண்டு.

7. தமிழுக்கு ஒரு பயன் காட்டுங்கள்.

தமிழ்ப் பள்ளியான தமிழ்ச்சோலைக்குப் போகப் பிள்ளை மறுத்தால் லஞ்சம் கொடுக்காதீர்கள். சாமான் பட்டியலைத் தமிழில் எழுதச் சொல்லி, லாச்சப்பல் கடைக்குப் போய்ப் பிள்ளையே கேட்டு வாங்கட்டும். ஃபோபூர் சென்-தெனி வீதியின் பெயர்ப்பலகைகளை வாசிக்கச் சொல்லுங்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவோடு வாரம் ஒருநாள், நீங்கள் இடையில் புகாமல், பிள்ளை தானே பேசட்டும். படித்தது பயன்படுகிறது என்று கண்ட பிள்ளைக்கு அடுத்த பாடத்தின் மேல் ஆசை வரும்.

8. இருக்கும் உதவியைக் கேட்டுப் பெறுங்கள்.

கொலேஜில் 'துவார் ஃபே' என்ற பெயரில், பள்ளியிலேயே வீட்டுவேலை செய்ய இலவச உதவி 2017 முதல் உண்டு. ஆரம்பப் பள்ளியில் எழுத்து வேலை வீட்டுக்குத் தரக்கூடாது என்பது 1956இல் இருந்தே விதி. பிள்ளை வெறுங்கையோடு வருகிறது என்று கோபிக்காமல், இன்று என்ன வாசித்தாய் என்று கேட்டுச் சொல்ல வையுங்கள்.

செய்யக்கூடாதவை

1. தானாக விரும்பிச் செய்வதற்குக் கூலி கொடுக்காதீர்கள்.

இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது இதுதான். 1973இல் உளவியலாளர்கள் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாலர் பள்ளியில், ஏற்கெனவே படம் கீறுவதில் ஆசை உள்ள பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தார்கள். படம் கீறினால் தங்க முத்திரையும் நாடாவும் உள்ள சான்றிதழ் கிடைக்கும் என்று ஒரு குழுவுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். இரண்டாம் குழுவுக்கு, கீறி முடித்தபின் எதிர்பாராமல் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சுதந்திர நேரத்தில் கவனித்தபோது, சான்றிதழுக்காகக் கீறிய பிள்ளைகள் மற்றவர்களைப் போல் பாதி நேரமே படம் கீறினார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை.

உங்கள் மகள் தானாகவே கதைப் புத்தகம் வாசிக்கிறாளா? மகன் சொல்லாமலே மிருதங்கம் பயில்கிறானா? அங்கே காசை நுழைக்காதீர்கள். பக்கத்தில் இருந்து கேளுங்கள், ரசியுங்கள். எப்போதாவது முன்னறிவிப்பில்லாமல் ஒரு நல்ல புத்தகத்தை வாங்கி வந்து கொடுங்கள்.

2. அடிக்காதீர்கள், அவமானப்படுத்தாதீர்கள்.

அடியாத மாடு படியாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2019 யூலையில் வந்த பிரெஞ்சுச் சட்டம், பெற்றோரின் அதிகாரம் உடல் வன்முறையோ உள வன்முறையோ இல்லாமல் செலுத்தப்பட வேண்டும் என்று குடியியல் சட்டக்கோவையிலேயே எழுதிவைத்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அடிக்குப் பயந்து படிக்கும் பிள்ளை, அடிப்பவர் வேலைக்குப் போனதும் புத்தகத்தை மூடிவிடும். நாம் பகலிரவாக வீட்டில் இல்லாதவர்கள். நமக்கு உதவாத வழி இது.

3. ஒப்பிடாதீர்கள்.

"பெரியப்பாவின் மகன் மெடிசின் படிக்கிறான், நீ?" என்று கோயிலிலும் கல்யாண வீட்டிலும் கேட்காதீர்கள். பிள்ளையின் போன தவணையோடு இந்தத் தவணையை ஒப்பிடுங்கள், அது போதும்.

4. படிப்பைத் தண்டனையாக்காதீர்கள்.

குழப்படி செய்ததற்குப் பத்துப் பக்கம் தமிழ் எழுதச் சொன்னால், தமிழ் தண்டனை என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும். அதேபோல், புள்ளி குறைந்ததற்காக உதைபந்தாட்டப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். நேரத்துக்குப் போவது, தோல்வியைத் தாங்குவது, சொன்னதைக் கேட்பது ஆகிய பழக்கங்களைப் பிள்ளை அந்த மைதானத்தில்தான் படிக்கிறது.

5. கொடுத்த பரிசைப் பறிக்காதீர்கள்.

உழைத்துப் பெற்றதை வேறொரு தவறுக்காகத் திருப்பி எடுத்தால், அடுத்த பரிசை எந்தப் பிள்ளையும் நம்பாது. தவறுக்கு அந்தத் தவறோடு சம்பந்தப்பட்ட விளைவு மட்டும் இருக்கட்டும்.

6. விலையை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

இந்தத் தவணை 20 யூரோ, அடுத்த தவணை 50, பிறகு பிளேஸ்டேஷன் என்று போனால், பள்ளி இறுதிப் பாக் சோதனை வரும்போது உங்களிடம் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. பிள்ளையிடமும் படிக்க வேறு காரணம் இராது.

7. உங்கள் அலுவலகக் கடிதங்களுக்காகப் பிள்ளையின் படிப்பைக் குழப்பாதீர்கள்.

அரச நிர்வாக அலுவலகமான பிரெபெக்தூரின் கடிதத்தையும் குடும்பக் கொடுப்பனவு அலுவலகமான காஃபின் படிவத்தையும் வாசித்துச் சொல்லும் பிள்ளைகள் நம்மிடையே நிறைய. அது பெரிய உதவி. மனதார நன்றி சொல்லுங்கள். ஆனால் சோதனைக்கு முதல் நாள் இரவு அந்தக் கடிதத்தை நீட்டாதீர்கள், அதற்காகப் பிள்ளை பள்ளிக்குப் போவதை மறிக்காதீர்கள்.

8. முத்திரை குத்தாதீர்கள்.

சிறு வயதில் இனிப்புக்குக் காத்திருந்தவர்கள் பிற்காலத்தில் வெல்வார்கள் என்ற பேச்சு நெடுநாள் ஓடியது. 2018இல் ஆய்வாளர் டைலர் வாட்ஸும் சகாக்களும் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தகவல்களை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு முன்பு கண்டதைவிடச் சிறிதாக இருந்தது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் இன்னும் சுருங்கியது. நாலு வயதில் அவசரப்படும் பிள்ளையை 'இது உருப்படாது' என்று சொல்ல எந்த ஆய்வும் இடம் தரவில்லை.

பரிசை எப்படி நிறுத்துவது?

ஏற்கெனவே காசு கொடுத்துப் பழகிய வீடுகளில் ஒரே நாளில் நிறுத்தினால் சண்டைதான் வரும். முதலில் புள்ளிக்கான பரிசைப் பழக்கத்துக்கான பரிசாக மாற்றுங்கள். பிறகு தினமும் கொடுப்பதை வாரம் ஒருமுறை ஆக்குங்கள். அதன்பின் பொருளைக் குறைத்து, ஒன்றாகச் செலவிடும் நேரத்தைக் கூட்டுங்கள். ஒவ்வொரு மாற்றத்தையும் முன்கூட்டியே பிள்ளைக்குச் சொல்லி, ஏன் என்றும் விளக்குங்கள். புதன் பிற்பகலோ ஞாயிறு மாலையோ, உங்கள் வேலை முறை இடம்தரும் ஒரு நேரத்தை இன்றே பிள்ளையோடு சேர்ந்து நாட்காட்டியில் குறியுங்கள். முதல் மாதம் அந்த ஒரு வாக்கை மட்டும் தவறாமல் நிறைவேற்றினால் போதும். இந்தப் பட்டியலின் மீதியைத் தொடங்க அதுவே அத்திவாரம்.