சுருக்கினா ஓடாது! குட்டி நீராவி இன்ஜின் சொல்லித்தரும் ஸ்கேல் பாடம்

சாலிட்வொர்க்ஸில் ஒரு நீராவி ரயில் இன்ஜினை முழுசா வரைஞ்சு வச்சிருக்கீங்கன்னு வைத்துக்கொள்வோம். ஸ்கேல் கமாண்டில் 1/16 என்று கொடுத்து என்டர் தட்டினால் ஒரே நொடியில் குட்டி இன்ஜின் ரெடி. திரையில் பார்க்க அச்சு அசல். அதே அளவுகளை அப்படியே லேத்திலும் மில்லிங் மெஷினிலும் வெட்டி எடுத்து, தண்ணீர் ஊற்றி, கரி போட்டு, நெருப்பு வைத்தால் ஓடுமா?

ஓடாது. ஓடாவிட்டால்கூட பரவாயில்லை. சில பாகங்களை அப்படியே சுருக்குவது ஆபத்திலும் முடியும். ஏன் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. தெர்மோ, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ், ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் மூன்றும் ஒரே பொருளில் சந்திக்கிற இடம் இது.

இதற்குப் பொருத்தமான ஊர் பிரிட்டன். அங்கே பழைய ரயில்வே இன்ஜின்களைச் சின்ன அளவில், நிஜமாகவே கரி எரித்து நீராவியில் ஓடும்படி வீட்டுப் பட்டறையில் செய்வது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். பெர்சிவல் மார்ஷல் 1898-ல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகைதான் இதற்கு முக்கியமான மேடை. அலமாரியில் வைத்து அழகு பார்க்கிற பொம்மை இல்லை இது. பின்னால் ஒரு வண்டியை மாட்டி, அதில் மனுஷங்க உட்கார்ந்து போவாங்க.

முதலில் அளவு

பிரிட்டனின் நிஜத் தண்டவாள அகலம் 4 அடி 8½ அங்குலம், அதாவது 1435 மி.மீ. மாடலில் அதிகம் புழங்குவது மூன்று அகலங்கள்: 3½ அங்குலம், 5 அங்குலம், 7¼ அங்குலம். இவை முறையே ஏறத்தாழ 1/16, 1/11, 1/8 ஸ்கேல். கணக்குக்கு வசதியாக 1/16-ஐ எடுத்துக்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு நிஜ இன்ஜின் வேணும். வில்லியம் ஸ்டேனியர் டிசைன் செய்த 'பிளாக் ஃபைவ்' நல்ல தேர்வு. 1934 முதல் 1951 வரை 842 இன்ஜின்கள் கட்டப்பட்டன. எடை டெண்டர் இல்லாமல் சுமார் 73 டன், ஓட்டும் சக்கரத்தின் விட்டம் 6 அடி, பாய்லர் அழுத்தம் 225 பிஎஸ்ஐ, இழுவிசை 25,455 பவுண்ட், அதாவது சுமார் 11.5 டன்.

இப்போ சுருக்குவோம். நீளம் 16-ல் ஒரு பங்கு ஆகிறது. பரப்பு அதன் வர்க்கம், 256-ல் ஒரு பங்கு. கன அளவும் எடையும் அதன் முப்படி, 4096-ல் ஒரு பங்கு. இந்த மூன்று எண்களை மட்டும் மனசில் வச்சுக்கோங்க. மீதி எல்லாம் இதிலிருந்துதான் வரப்போகுது.

இழுவிசை: அதிகமானாலும் பிரச்சினை

எடை: 73 டன்னை 4096-ஆல் வகுத்தால் சுமார் 18 கிலோ. இழுவிசை என்பது அழுத்தம் பெருக்கல் பிஸ்டன் பரப்பு சார்ந்தது. அழுத்தத்தை மாற்றாமல் 225-லேயே வைத்தால் இழுவிசை 256-ல் ஒரு பங்கு, அதாவது சுமார் 45 கிலோ. 18 கிலோ இன்ஜினுக்கு 45 கிலோ இழுவிசை! கேட்க செம்மையா இருக்கு. ஆனால் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கணுமே? எடையில் முக்கால் பங்கு ஓட்டும் சக்கரங்கள் மேல் விழுகிறது, உராய்வுக் கெழு 0.25 என்று எடுத்தால், சுமார் 3.4 கிலோவுக்கு மேல் போனாலே சக்கரம் வழுக்கிச் சுற்றும்.

அதனால்தான் மாடலில் அழுத்தத்தைப் பெரும்பாலும் 80 முதல் 100 பிஎஸ்ஐக்குள் வைக்கிறார்கள். அதுவே தாராளம்.

சரி, வெறும் 3.4 கிலோ இழுவிசையில் மனுஷங்களை எப்படி இழுக்கும்? இங்கே யாரும் யாரையும் தூக்கவில்லை, உருட்டத்தான் செய்கிறோம். நல்ல பேரிங் போட்ட வண்டிக்கு, மட்டமான நேர் பாதையில் உருளும் தடை எடையில் ஓரிரு சதவீதம்தான். இரண்டு பேரும் வண்டியும் சேர்ந்து 160 கிலோ என்றாலும் தேவைப்படுவது மூன்று கிலோ விசைதான். கணக்கு சரியாத்தானே வருது?

1924-ல் நடந்த பந்தயம்

ஆனால் இதை அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பவில்லை. 1920-களின் தொடக்கத்தில் கடையில் விற்ற சிறிய இன்ஜின்கள் பெரும்பாலும் ஸ்பிரிட் எரித்து ஓடியவை. அவ்வளவு சின்ன நெருப்புப் பெட்டியில் கரி ஒழுங்காக எரியாது, நீராவி போதாது என்பது பெரிய டிசைனர்களே சொன்ன கருத்து. இதை எதிர்த்து எழுதியவர் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயர் கொண்டவர். லண்டன், பிரைட்டன் அண்ட் சவுத் கோஸ்ட் ரயில்வேயின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 2½ அங்குலப் பாதையில் ஓடும் கரி இன்ஜினே ஒரு ஆளை இழுக்கும் என்றார் அவர்.

வாக்குவாதம் முற்றி, 1924 மாடல் இன்ஜினியர் கண்காட்சியில் நேரடிப் போட்டியாகவே நடந்தது. 'பாய்லர் யுத்தம்' என்று இன்றும் பேசப்படுவது அதுதான். எல்.பி.எஸ்.சி.யின் 'ஆயிஷா' என்ற குட்டி இன்ஜின் கரி எரித்து ஆளை இழுத்துக் காட்டியது. அதன்பின் அவர் 1967-ல் இறக்கும் வரை, வீட்டில் ஒரு சின்ன லேத் வைத்திருப்பவர்களும் செய்யக்கூடிய டிசைன்களை எழுதிக்கொண்டே இருந்தார். நாம் எடுத்துக்கொண்ட பிளாக் ஃபைவுக்கும் 3½ அங்குலத்தில் அவர் ஒரு டிசைன் தந்திருக்கிறார். பெயர் 'டோரிஸ்'.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம்: அவருடைய பாய்லர், பெரிய பாய்லரின் ஜெராக்ஸ் காப்பி கிடையாது. வெளியே பெரிய இன்ஜின் மாதிரி. உள்ளே சின்ன நெருப்புக்கு ஏற்ற மாதிரி.

பாய்லருக்குள் என்ன மாறுது?

பெரிய பாய்லரில் நெருப்பின் சூடான வாயு, தண்ணீருக்கு நடுவே போகும் நிறைய ட்யூப்கள் வழியாகப் புகைப்பெட்டிக்குப் போகும். ட்யூப் விட்டம் 2 அங்குலம் என்று வைத்தால், 1/16-ல் அது 3 மி.மீ. சாம்பல் அடைக்கவே அது போதும். அடைக்காவிட்டாலும் வாயு போகாது. ஹேகன்-பாய்சுவில் சமன்பாடு ஞாபகம் இருக்கா? லாமினார் ஓட்டத்தில், அதே நீளம், அதே அழுத்த வித்தியாசத்தில் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதி ஆகாது, 16-ல் ஒரு பங்காகிவிடும்.

மாடல் செய்பவர்கள் இதற்கு கெய்லரின் விதி என்ற ஒரு கட்டைவிரல் கணக்கு வைத்திருக்காங்க. ட்யூப் நீளத்தை உள்விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால், அங்குலக் கணக்கில், விடை 50-க்கும் 70-க்கும் நடுவே இருக்கணும். 10 அங்குல ட்யூபுக்கு 60 என்று போட்டுப் பாருங்க: உள்விட்டம் சுமார் 10 மி.மீ. ஸ்கேல் கேட்டது 3, வேலை கேட்பது 10. அதனால் எண்ணிக்கையைக் குறைத்து, விட்டத்தைக் கூட்டுகிறார்கள்.

அடுத்தது நெருப்பு. பிளாக் ஃபைவில் கரி எரியும் தட்டின் பரப்பு சுமார் 28 சதுர அடி. 256-ஆல் வகுத்தால் சுமார் 100 சதுர செ.மீ., கிட்டத்தட்ட உள்ளங்கை அளவு. ஆனால் தண்ணீரோ 4096-ல் ஒரு பங்கு. அதாவது ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கிடைக்கும் நெருப்புப் பரப்பு பெரிய இன்ஜினை விட 16 மடங்கு. நல்லதும் கெட்டதும் இங்கே ஒன்றாக வருது. பெரிய இன்ஜினில் நீராவி ஏற்ற மணிக்கணக்கில் ஆகும், மாடலில் 15, 20 நிமிஷம் போதும். ஆனால் அதே வேகத்தில் தண்ணீரும் தீரும்.

தண்ணீர் தீர்ந்தால்? நெருப்புப் பெட்டியின் கூரை செம்பு. அதன் மேலே எப்போதும் தண்ணீர் நிற்பதால்தான் அது உருகாமல் இருக்கிறது. தண்ணீர் இறங்கி அந்தக் கூரை வெறுமையானால், செம்பு இளகி, உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தாங்காமல் போகும். ஒரு அடி பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கார் என்பதை மறக்காதீங்க.

பொய் சொல்லும் கண்ணாடிக் குழாய்

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுவது கேஜ் கிளாஸ். மேலும் கீழும் பாய்லரோடு இணைந்த ஒரு கண்ணாடிக் குழாய், அவ்வளவுதான். முழு அளவில் உள்விட்டம் 12 மி.மீ. என்று வைப்போம். ஸ்கேல் செய்தால் 0.75 மி.மீ.

முதல் வருஷம் படித்த நுண்புழை ஏற்றத்தை இங்கே போடுங்க. நீரின் பரப்பு இழுவிசை 0.072 நியூட்டன்/மீட்டர், ஆரம் 0.375 மி.மீ. குளிர்ந்த நீரில் ஏற்றம் சுமார் 39 மி.மீ.! பாய்லர் சூட்டில் பரப்பு இழுவிசை குறையும், ஆனாலும் 25 மி.மீ.க்கு மேல் நிற்கும். பாய்லரின் மொத்த விட்டமே 100 மி.மீ. பக்கம்தான். அதாவது நெருப்புப் பெட்டியின் கூரை காய்ந்து கிடக்கும்போதும், "தண்ணி இருக்கு, கவலைப்படாதே" என்று குழாய் சொல்லும்.

பார்க்க ரொம்பச் சின்ன பாகம். ஆனால் ஸ்கேலுக்கு விசுவாசமாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் ஸ்கேல் என்ன சொன்னாலும் கேஜ் கிளாஸைப் பெரிதாகத்தான் போட வேண்டும். 4 மி.மீ. உள்விட்டத்துக்கே குளிர்ந்த நீரில் 7 மி.மீ. வித்தியாசம் வரும். அதனால்தான் ஓட்டும்போது தண்ணீரைப் பாதிக் குழாய்க்குக் கீழே விடாமல் பார்த்துக்கொள்வதும், அடியில் ஒரு சின்ன வால்வைத் திறந்து குழாயை ஊதிவிட்டு நிஜ மட்டத்தைச் சரிபார்ப்பதும் நல்ல பழக்கம்.

தகட்டின் தடிமன்

இங்கே ஒரு ஆச்சரியம். உருளைக்கான வளைய இழுதகைவு என்பது அழுத்தம் பெருக்கல் விட்டம், வகுத்தல் இரண்டு மடங்கு தடிமன். விட்டமும் தடிமனும் ஒரே விகிதத்தில் குறைந்தால் தகைவு மாறவே மாறாது. பேப்பரில் ஸ்கேல் வேலை செய்கிற ஒரு இடம் இது!

ஆனால் துரு ஸ்கேல் ஆவதில்லை. 15 மி.மீ. எஃகுத் தகடு 1/16-ல் 1 மி.மீ.க்கும் குறைவு. அரை மி.மீ. துரு பெரிய பாய்லருக்கு ஒன்றுமே இல்லை, இங்கே பாதித் தகடு போச்சு. அதனால் சின்ன பாய்லர்களில் செம்பு, இணைப்புகளுக்குச் சில்வர் சோல்டர். அந்த இணைப்புக்கு 600 டிகிரிக்கு மேல் சூடாக்குவதால் செம்பு மிருதுவாகிவிடும். எனவே கணக்கிலும் மிருதுவான செம்பின் வலிமையைத்தான் போடணும்.

100 மி.மீ. விட்டம், 2.5 மி.மீ. தடிமன், 80 பிஎஸ்ஐ, அதாவது 0.55 மெகாபாஸ்கல். தகைவு 11 மெகாபாஸ்கல். செம்பின் வலிமை 172 என்று குறைத்தே எடுத்து, காப்புக் காரணி 8 வைத்தால், அனுமதி சுமார் 21. தாங்கும். ஆனால் இது உருளைக்கு மட்டும். நெருப்புப் பெட்டியின் தட்டையான சுவர்கள் பலூன் போல உப்பப் பார்க்கும். அவற்றை வெளிச்சுவரோடு இழுத்துப் பிடிக்க வரிசையாக ஸ்டே கம்பிகள் வேணும்.

கணக்கு சரியா வந்தாலும் சோதிக்காமல் நெருப்பு வைக்கக் கூடாது. புது பாய்லரைக் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, வேலை அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு வரை ஏற்றிப் பார்ப்பது பிரிட்டிஷ் கிளப்களின் விதி. ஏன் தண்ணீர், ஏன் காற்று இல்லை? தண்ணீர் சுருங்காது, அதில் சேரும் ஆற்றல் மிகக் குறைவு. விரிசல் விட்டால் பீய்ச்சி நிற்கும், வெடிக்காது.

எதை விடலாம், எதை விடக் கூடாது

மொத்தத்தையும் சுருக்கிச் சொன்னால் இப்படி:

- கண்ணுக்குத் தெரிவது ஸ்கேலில் இருக்கட்டும்: சக்கர விட்டம், சக்கர இடைவெளி, புகைபோக்கி, கேபின் வடிவம். பார்த்தவுடனே "இது பிளாக் ஃபைவ்" என்று தெரிவது இதனால்தான்.
- இயற்கை தொடுவது பெரிதாகட்டும்: ட்யூப், கேஜ் கிளாஸ், தகடு, எண்ணெய் போகும் வழி.
- எண்ணிக்கையும் அழுத்தமும் குறையட்டும்.
- மனுஷனை ஸ்கேல் செய்ய முடியாது: ஓட்டுபவர் கை கேபினுக்குள் போகணும். ரெகுலேட்டர் பிடி கொஞ்சம் பெருசாகவும், கூரை கழற்றும்படியும் இருக்கட்டும்.
- பாதையையும் பாருங்க: கிளப் பாதையின் வளைவுகள் ஸ்கேலை விடக் கூர்மையானவை. சக்கரங்களுக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் அசைவு வேணும்.

செய்து பார்க்க ஆசையா?

பாய்லரிலிருந்து தொடங்காதீங்க. வழக்கமான வரிசை இது: ஃபிரேம், சக்கரம், சிலிண்டர், வால்வ் கியர், அப்புறம்தான் பாய்லர். வால்வ் கியர் வரை முடித்து, கம்ப்ரஸர் காற்றை 1.5, 2 பார் அழுத்தத்தில் சிலிண்டருக்குக் கொடுத்தால் சக்கரம் சுற்றும். வால்வ் டைமிங் சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும். நெருப்பே இல்லாமல் ஒரு முழு மினி ப்ராஜெக்ட் இது. முதல் டிசைனாக எல்.பி.எஸ்.சி.யின் 'டிச்', அல்லது கலிடோனியன் ரயில்வே இன்ஜினை வைத்து மார்ட்டின் எவன்ஸ் செய்த 'ராப் ராய்' எடுக்கலாம். இரண்டும் 3½ அங்குலம். பாய்லர் கட்டத்துக்கு வந்தால், செய்து அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

இன்ஜின் செய்யாவிட்டாலும் ஒரு சின்ன ஹோம்வொர்க். உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டில் எதையாவது "ப்ரோட்டோடைப்" என்று சுருக்கியிருப்பீங்க: டர்பைன், ஹீட் எக்ஸ்சேஞ்சர், பம்ப், எதுவானாலும். ஒரு பேப்பரில் மூன்று நெடுவரிசை போடுங்க: நீளத்தோடு மாறுவது, பரப்போடு மாறுவது, கன அளவோடு மாறுவது. ஒவ்வொரு பாகத்தையும் ஒரு வரிசையில் எழுதுங்க. எதிலுமே அடங்காமல் நிற்பதைத் தனியாக வட்டம் போடுங்க: துரு, பரப்பு இழுவிசை, சாம்பல், மனுஷக் கை. ரிவ்யூவில் கேள்வி வரப்போவது அந்த வட்டத்திலிருந்துதான்.